மாலை நேரத்து மனச்சுமை

கந்தோர் வேலை முடிந்து மாலையில் வீடு திரும்பும் குடும்பத் தலைவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். காலையில் மேலதிகாரி சொன்ன கடுஞ்சொல் இன்னும் அவர் செவியை விட்டு அகலவில்லை. பேருந்தில் ஒரு மணி நேரம் நின்றபடியே வந்த களைப்பு வேறு. மாதம் முடியப் பத்து நாள் இருக்கக் கைப்பணமோ முடிந்துவிட்டது. படலையைத் திறந்து உள்ளே நுழைகிறார். கணக்கில் ஐயம் கேட்க மகன் கொப்பியோடு ஓடி வருகிறான். "அப்பாலே போ!" என்ற சீற்றம் எழுகிறது. மேலதிகாரிக்குச் சொல்ல முடியாத மறுமொழி அது. சென்று சேர்ந்ததோ ஒன்றுமறியாப் பிள்ளையின் செவியில்.

இதனைக் குணக்கேடு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. உடலுக்கும் இதிற் பெரும் பங்குண்டு. அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர் வால்ட்டர் கனன், அச்சமும் சினமும் உடலில் விளைக்கும் மாற்றங்களை 1915ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். ஆபத்தைக் கண்ட உயிர் போரிடவோ தப்பியோடவோ ஆயத்தமாகிறது. சிறுநீரகங்களின் மேல் அமைந்த அதிரீனற் சுரப்பிகள் அதிரீனலினைக் குருதியிற் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, சமிபாடு தளர்கிறது. வில்பத்துக் காட்டிலே சிறுத்தையைக் கண்ட மானுக்கு இவை யாவும் உயிர் காக்கும் உதவிகள். தப்பிய மான் சிறிது நேரத்தில் மீண்டும் புல் மேய்கிறது. கந்தோரில் இருப்பவரால் ஓடவும் இயலாது, போரிடவும் இயலாது. இறுகிய தசைகளை இறுகியபடியே வீட்டுக்குக் கொண்டுவருகிறார். இது நாள்தோறும் நீடிப்பின் உறக்கம் கெடும், உடல்நலமும் குன்றும்.

ஆபத்து நீங்கிவிட்டது என்ற செய்தியை உடலுக்கு அது அறிந்த மொழியிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. "கவலைப்படாதே" என்ற வாய்ச்சொல்லுக்கு இதயம் செவிசாய்ப்பதில்லை. மூச்சு அப்படியன்று, தானாகவும் நடக்கும், ஏவினாலும் கேட்கும். உள்ளிழுக்கையில் இதயத்துடிப்புச் சற்று விரைவதும் வெளிவிடுகையில் தணிவதும் இயல்பு. ஆதலால் வெளிமூச்சை நீட்டினால் இதயமும் அமைதியுறும். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று வகை மூச்சுப் பயிற்சிகளைத் தியானத்தோடு ஒப்பிட்டு, 2023ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நாளொன்றுக்கு 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் பயின்றவர்களுள், நெடிய வெளிமூச்சைக் கைக்கொண்டோரின் மனநிலையே மிகுதியாகச் சீர்பட்டது. செய்முறை எளிது. மூக்கால் மூச்சை இழுத்து, அதன்மேல் இன்னும் சிறிது இழுத்து, பின்னர் வாயால் மெல்ல முழுவதையும் விடுதல். பெருமூச்சு விடாதே என்று வீட்டுப் பெரியோர் கடிவதுண்டு. அந்தக் கண்டிப்பை இனித் தளர்த்தலாம்.

தசைகளுக்கும் ஒரு வழியுண்டு. சிக்காகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் இதனை நூலாக எழுதினார். நேயர்கள் இப்போதே செய்து பார்க்கலாம். மணிக்கட்டிலிருந்து கையைப் பின்புறமாக வளைத்தால் முன்கையில் ஓர் இறுக்கம் தோன்றும். அதனை நன்கு உணர்ந்தபின் கையைத் தொப்பென விட்டுவிட வேண்டும். தோளுக்கும் தாடைக்கும் இவ்வாறே. தோள் இறுகியிருப்பதைப் பலர் அறிவதே இல்லை; அறியாததை எவ்வாறு தளர்த்துவது?

மான் ஓடித் தீர்ப்பதை மனிதர் நடந்து தீர்க்கலாம். இரவில் உறக்கம் வராதோர் மாலைக்குப் பின் தேநீரைத் தவிர்ப்பதும் நன்று. தேயிலை விளையும் நாட்டில் இதனைச் சொல்லச் சற்றுத் துணிவு வேண்டும்.

இவற்றாற் கடன் தீராது, மேலதிகாரியும் மாறார். மார்பு நோவோ, வாரக்கணக்கில் நீளும் உறக்கமின்மையோ இருப்பின் வைத்தியரையே நாட வேண்டும்.

மறுநாள் மாலை அக்குடும்பத் தலைவர் ஒரு தரிப்பிடம் முன்னதாகவே இறங்கி நடக்கிறார். படலையருகே நின்று ஐந்தாறு நீண்ட மூச்சுகள் விடுகிறார். மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள். மகன் சற்றுத் தயங்கியபடி கொப்பியோடு வருகிறான். வகுத்தற் கணக்கு, மீதியை எங்கே எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.