முரசும் தேகசுகமும்

(இளைஞர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நான் இன்று பேச எடுத்துக்கொண்டது பல்லை அன்று. பல்லைத் தாங்கி நிற்கும் முரசை. பல்லுக் கொதித்தால் உடனே வைத்தியரிடம் ஓடுகிறோம். முரசோ நோகாமலே கரைகிறது. ஆகவே அதைக் கவனிப்பார் இல்லை. துலக்கும்போது இரத்தம் கண்டால் "சூடு" என்கிறோம். பல் ஆடத் தொடங்கினால் "வயது" என்கிறோம். பருத்தித்துறை வடையை உரலில் இடித்துத் தின்னும் நிலை வந்த பின்னர்தான் யோசனை பிறக்கிறது.

இது வயதின் காரியமா, நோயின் காரியமா? இக்கேள்விக்கு உலகம் விடை பெற்றது நமது மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளரிடமிருந்து. ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டுப் பல் வைத்திய அறிஞரும் அவருடைய கூட்டத்தாரும் 1970இல் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண்களின் வாயைப் பரிசோதித்தனர். பின்னர் 1985 வரை திரும்பத் திரும்ப வந்து பார்த்தனர். கடைசி முறை 161 பேரே மிஞ்சியிருந்தனர். அவர்களுக்குப் பல் துலக்கும் வழக்கமும் இல்லை, பல் வைத்தியமும் எட்டியதில்லை. பற்களிற் சொத்தையும் ஏறக்குறைய இல்லை. எல்லோர் பல்லிலும் காறை. எல்லோர் முரசிலும் அழற்சி. ஆயினும் முடிவு ஒன்றாக இருக்கவில்லை. நூற்றுக்கு 8 பேர் 35 வயதில் 12 பற்களையும், 40 வயதில் 20 பற்களையும், 45 வயதில் எல்லாவற்றையுமே இழந்தனர். 81 பேருக்கு நோய் மெதுவாக நடந்தது. 45 வயதில் 7 பற்கள் போயின. எஞ்சிய 11 பேருக்குப் பல் போகவேயில்லை எனலாம். வயதுதான் காரணமென்றால் எல்லோருக்குமல்லவா ஒரேவிதமாகப் போயிருக்க வேண்டும்? (அளவுகோலைக் கொண்டு போனவர்கள் ஆளுக்கொரு தூரிகையும் கொண்டு போயிருக்கலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.)

இதே அறிஞர் 1965இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு சிறியது, ஆனால் அழகானது. நல்ல முரசுடைய 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் முரசு வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் மாறியது. தொடக்கத்தில் நோய் நம் கைக்குள் இருக்கிறது. பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்த பின்னரோ, அது தானாக வளராது.

இனிச் சரீரத்துக்கு வருவோம். நோய் முற்றியவரின் பற்களைச் சுற்றியுள்ள புண்ணை எல்லாம் சேர்த்து விரித்தால் ஒரு தீப்பெட்டியின் மேற்பக்க அளவு வரை வரும். காலில் அவ்வளவு புண் இருந்தால் வேலைக்குப் போவோமா? அப்புண்ணின் வழியே கிருமிகள் இரத்தத்திற் சேருகின்றன. சலரோகக்காரருக்கு இது இரட்டை ஆபத்து. இரத்தத்தில் சர்க்கரை கூடினால் முரசு கெடுகிறது. முரசு கெட்டால் சர்க்கரை அடங்க மறுக்கிறது. முரசுக்குச் செவ்வையாக வைத்தியம் செய்தால், மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ஏ1சி அளவு ஏறக்குறைய 0.4 புள்ளி இறங்குவதாக ஆய்வுகள் கூறுகின்றன. சலரோகத்துக்கு மருந்து எடுக்கும் எத்தனை பெரியவர்கள் பல் வைத்தியரையும் கண்டிருக்கிறீர்கள்?

இருதய விஷயத்தில் அளந்து பேச வேண்டும். முரசு நோயும் இருதய நோயும் பெரும்பாலும் சேர்ந்தே காணப்படுகின்றன. ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையென்று அமெரிக்க இருதயச் சங்கம் 2012இல் தெரிவித்தது. ஆனால் இருதய வால்வு மாற்றியவர்கள் பல் பிடுங்குமுன் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வெற்றிலையைப் பற்றிச் சொன்னால் பெரியவர்கள் கோபிக்கக் கூடாது. தட்டத்தில் வைத்து மரியாதை செய்வது வேறு, நாள் முழுவதும் குதப்புவது வேறு. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயைத் தரும் என்று சர்வதேச ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் அறிக்கை வெளியிட்டது. சுருட்டுப் பிடிப்பவருக்கோ முரசில் இரத்தம் குறைவாகவே வடியும், நோய் ஒளிந்திருக்கும்.

இரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்தாதீர்கள். அங்கேதான் மெதுவாகத் துலக்க வேண்டும். உமிக்கரியையும் செங்கல் தூளையும் விட்டுவிடுங்கள், அவை பல்லைத் தேய்க்கும். ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் கெடுதியல்ல. ஆனால் பல்லிடுக்கில் அவை புகா. இரண்டு வாரத்தில் இரத்தம் நில்லாவிடில் மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காறையை எந்தத் தூரிகையும் எடுக்காது. வைத்தியர்தான் எடுக்க வேண்டும்.

கடைசியாக, இளைஞர்களுக்கு ஒரு வேலை. ஜப்பானிய முதியோர் இல்லங்களில், வாயை ஒழுங்காகச் சுத்தம் செய்துவிட்ட முதியவர்களுக்கு நியூமோனியாக் காய்ச்சல் குறைந்ததென்று 1999இல் ஓர் ஆய்வு வெளியானது. வாயிலுள்ள கிருமிகள் எச்சிலோடு சுவாசப்பைக்குள் இறங்குவதே காரணம். வீட்டில் படுக்கையிலிருக்கும் அப்புவையோ ஆச்சியையோ நிமிர்த்தி இருத்துங்கள். இருக்கும் பற்களை மெல்லிய தூரிகையால் துலக்கிவிடுங்கள். பல் இல்லாத முரசை விரலில் ஈரத்துணி சுற்றித் துடையுங்கள். கட்டுப்பல்லை இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.