சட்டைப்பையும் மேசைக் கணினியும்



புதுச்சேரி நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கம் ஏதாவது ஒரு ஹார்டுவேர் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லா மேசையில் பில் போடும் கணினி. முதலாளியின் சட்டைப்பையில் செல்போன். பக்கத்தில் ஆணியில் தொங்கும் நீள நோட்டு. பிளம்பர் ஒருவரின் நம்பர் மூன்றிலும் இருக்கிறது. மூன்றும் வேறு வேறு. எது புதிது என்று கடைப்பையனுக்குத் தெரியாது, முதலாளிக்கும் நிச்சயமில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள்.

கையில் இருக்கும் கருவியையும் மேசையில் இருக்கும் கணினியையும் ஒரே கணக்கில் வைத்திருப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. ‘சிங்க்’, அதாவது ஒத்திசைவு, என்று ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று பலரும் நினைக்கிறோம். நடக்கும்தான். ஆனால் எந்தப் பிரதியை நம்புவது, எதை எங்கே திருத்துவது என்பதை நாம் முடிவு செய்து கொடுத்தால்தான் சரியாக நடக்கும். அந்த முடிவை எந்தக் கம்பெனியும் நமக்காக எடுக்க முடியாது.

இது செல்போனோடு வந்த தலைவலி அல்ல. 1990களில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் டிஜிட்டல் டைரி கொண்டுவருவார்கள், ஞாபகம் இருக்கிறதா? கால்குலேட்டர் மாதிரி இருக்கும், இரண்டாக மடிக்கலாம், உள்ளே குட்டிக் குட்டி எழுத்துப் பொத்தான்கள். நம்பர்களை ஏற்றி முடிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். வட்ட பேட்டரி தீர்ந்துபோனதைக் கவனிக்காமல் விட்டால், ஏற்றியதெல்லாம் ஒரே நாளில் காணாமல் போகும். வேறு எங்கும் நகல் இருக்காது.

1996-இல் அமெரிக்காவில் வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கருவி இந்தக் குறையைத்தான் பிடித்துக்கொண்டது. அதை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவியைச் செய்யும் முன் அதே அளவில் ஒரு மரத்துண்டை அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது தேதி கேட்டால் அந்த மரத்துண்டை எடுத்து அதில் தட்டிப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். தினமும் பையில் வைத்துக்கொள்ள ஆகுமா, சட்டென்று எடுக்க வருமா என்று சோதித்தது அப்படித்தான். விற்பனைக்கு வந்தபோது அடிப்படை மாடலில் இருந்த நினைவகம் வெறும் 128 கிலோபைட். விலை 299 டாலர். திரைக்குக் கீழே நாட்காட்டி, முகவரி, செய்ய வேண்டிய வேலை, குறிப்பு என்று நான்குக்கும் தனித்தனிப் பொத்தான்கள். கூடவே ஒரு சின்னத் தாங்கி, அதிலிருந்து கணினிக்கு ஒரு கேபிள். கருவியைத் தாங்கியில் வைத்து அதில் இருக்கும் ஒரே பொத்தானை அழுத்தினால் போதும். ஹாட்சிங்க் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கையில் இருப்பதும் கணினியில் இருப்பதும் சற்று நேரத்தில் ஒன்றாகிவிடும்.

உள்ளே என்ன நடந்தது? நம் பழைய கடைகளில் அன்றாட வரவு செலவைச் சிட்டையில் எழுதி, கடை சாத்தும்போது பேரேட்டில் ஏற்றுவார்கள். ஏற்றிய வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போடுவார்கள். மறுநாள் டிக் இல்லாத வரிகளை மட்டும் பார்த்தால் போதும். பாம் செய்ததும் இதைத்தான். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. எதையாவது திருத்தினால் ‘இது மாறியிருக்கிறது’ என்று ஓர் அடையாளம் விழும். அடுத்த முறை இணைக்கும்போது அடையாளம் விழுந்தவை மட்டும் போய்வரும்.

அழிப்பதில் ஒரு நுட்பம் இருந்தது. நீங்கள் ஒரு பெயரை அழித்தால் கருவி அதை உடனே தூக்கி எறியாது. திரையிலிருந்து மறைத்துவிட்டு, ‘அழிக்கப்பட்டது’ என்ற குறிப்பை மட்டும் வைத்துக்கொள்ளும். அந்தச் செய்தியைக் கணினிக்குச் சொல்லி முடித்த பிறகே அதுவும் போகும். அந்தக் குறிப்பு இல்லையென்றால், கணினி தன்னிடம் இருக்கும் பெயரைப் புதிதாகச் சேர்த்தது என்று நினைத்து மறுபடி கருவிக்கு அனுப்பிவிடும். அழித்த பெயர் திரும்பத் திரும்ப வருகிறதே என்று நம்மில் பலர் அலுத்துக்கொள்வதற்கு இப்படி ஒரு குறிப்பு எங்கோ தவறிப்போனதும் ஒரு காரணம்.

இரண்டு பக்கமும் ஒரே பெயரைத் திருத்தியிருந்தால்? முதலாளி தெருவில் நின்று செல்போனில் பிளம்பரின் நம்பரை மாற்றுகிறார். அதே நேரத்தில் கடையில் அவர் மனைவி கணினியில் பிளம்பரின் முகவரியை மாற்றுகிறார். எது சரி என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? பாம் இரண்டையும் வைத்துக்கொண்டு, பிளம்பரை இரண்டு பேராக்கி, ‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பதிவேட்டில் எழுதிவிடும். இன்றைய பல செயலிகளில் கடைசியாக வந்த திருத்தம் முந்தியதைச் சத்தமில்லாமல் மூடிவிடுகிறது. நேர்மையான வழி எது என்று கேட்டால், பழைய பாம் செய்ததைத்தான் சொல்வேன்.

இந்தச் சண்டையே வராமல் பார்த்துக்கொள்வதும் முடியும். பஸ் கண்டக்டர் கையில் இருக்கும் டிக்கெட் மெஷினைக் கவனியுங்கள். நிறுத்தங்களும் கட்டணமும் டெப்போ கணினியிலிருந்து மெஷினுக்கு வரும். கிழித்த டிக்கெட்டுகளின் கணக்கு மெஷினிலிருந்து டெப்போவுக்குப் போகும். கட்டணத்தைக் கண்டக்டர் மாற்ற முடியாது. டிக்கெட் கணக்கு டெப்போவில் பிறப்பதில்லை. ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு பிறந்த வீடு. கடைக்காரர்களுக்கும் இது ஒத்துவரும். பொருள், விலை, வரி எல்லாம் கணினியில் மட்டும் திருத்துவது. ஆட்களின் பெயர், நம்பர் எல்லாம் செல்போனில் மட்டும் திருத்துவது. கடையில் எல்லோரும் இந்த ஒரு விதிக்குக் கட்டுப்பட்டால் பாதித் தகராறு தீர்ந்தது.

கருவியை நம் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது இன்னொரு பாதி. அதற்குப் பாடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூரில் ஒரு மையக் கணினி, சுற்றுக் கிராமங்களில் சிறு நிலையங்கள். தொலைபேசி வசதி போதாத அந்த நாளில் தகவலை ரேடியோ அலையில் அனுப்பினார்கள். வீராம்பட்டினத்து மீனவர்களுக்காக அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழாக்கி, கிராமத்து ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். ஆங்கிலத்தில் எண்களாக வந்த ஒன்று, கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்ற விடையாக மாறியது. உள்ளூருக்கு ஏற்ப அமைத்துக்கொள்வது என்றால் இதுதான். திரையின் பின்னணிப் படத்தை மாற்றுவது அல்ல.

2001-இல் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியை அறிமுகம் செய்தபோதும் அதே நோக்கம்தான். கருவி ஊருக்குப் பொது. ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு. கார்டைச் செருகினால் உங்கள் தகவல் வரும், எடுத்தால் உங்களோடு போய்விடும். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வாசித்தும் காட்டும். எதிர்பார்த்த அளவு அது விற்கவில்லை. செல்போன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் கருவி யாருடையதாக இருந்தாலும் தகவல் ஆளுடையது என்ற அதன் எண்ணம் இன்றைக்கும் பழுதில்லாதது.

சரி, இன்று நம் கையில் இருக்கும் போனுக்கு வருவோம். முதலில் ஒன்றைப் பாருங்கள். உங்கள் போனில் புதிதாக ஒரு பெயரைச் சேர்த்தால் அது எங்கே போய் உட்காருகிறது? சிம் கார்டிலா, போனுக்குள்ளேயா, கூகுள் போன்ற கணக்கிலா? சேமிக்கும் திரையிலேயே அது எழுதியிருக்கும், நாம் படிப்பதில்லை. சிம்மில் வழக்கமாக 250 பெயர்கள் அளவுக்குத்தான் இடம்; பெயரும் நம்பரும் தவிர முகவரி, பிறந்தநாள் எல்லாம் அதில் நிற்காது. போனுக்குள் மட்டும் இருப்பது, போன் தண்ணீரில் விழுந்தால் அதோடு சரி. கணக்கில் இருப்பதைத்தான் கணினியிலும் திறந்து பார்க்க முடியும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே கணக்குக்கு மாற்றுங்கள். அதன் பிறகு கணினியில் உட்கார்ந்து, இரட்டித்துக் கிடக்கும் பெயர்களை ஒன்றுசேர்த்துவிடுங்கள். பெரிய திரையில் அது அரை மணி நேர வேலை.

இனி புதுச்சேரிக்காரர்களுக்கென்று சில. நம்மில் பலருக்குப் பிரான்சில் சொந்தம் உண்டு. அங்கே ஒரு செல்போன் நம்பரை 06 அல்லது 07 என்று தொடங்கிச் சொல்வார்கள். அப்படியே சேமித்தால் இங்கிருந்து போகாது. முதலில் இருக்கும் சைபரை விட்டுவிட்டு, பிளஸ் 33 போட்டு, 6 அல்லது 7 என்று தொடருங்கள். நம் 0413 நம்பரையும் பிளஸ் 91, பிறகு 413 என்று சேமித்தால், பாரிசிலிருந்து லீவுக்கு வரும் தம்பி போனிலும் அது வேலை செய்யும், நம் போனிலும் வேலை செய்யும்.

நேரமும் அப்படியே. பாரிசுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். அண்ணன் பேரனின் ஞானஸ்நானம் அங்கே காலை 11 மணிக்கு என்றால், ஜனவரியில் அது நமக்கு மாலை 3:30; ஜூனில் 2:30. நாமே மனக்கணக்குப் போட்டு எழுதாமல், நாட்காட்டியில் அந்த நிகழ்ச்சியின் நேர மண்டலத்தைப் பாரிஸ் என்று வைத்து 11 மணி என்று எழுதுங்கள். மீதியைக் கருவி பார்த்துக்கொள்ளும். பிறந்தநாளுக்கு மட்டும் மணி போடாதீர்கள், முழுநாள் என்று குறியுங்கள். இரவு 12 மணி என்று போட்டால், பிரான்சில் இருப்பவருக்கு அது முந்தின நாள் சாயங்காலமாகத் தெரியும்.

இந்திய விடுமுறை நாட்களை நாட்காட்டியில் சேர்த்துவிட்டோமே என்று இருந்துவிட வேண்டாம். நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாளும் ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ இணைப்பு நாளும் அதில் வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாமே எழுதி, ஆண்டுதோறும் என்று வைத்துவிடலாம். ஆகஸ்ட் 15 நெல்லித்தோப்பு மாதா கோயில் திருவிழாவுக்கும் அது போதும். ஆனால் அப்பாவின் திதிக்கும் மாசி மகத்துக்கும் அது ஆகாது. திதியும் நட்சத்திரமும் இங்கிலீஷ் தேதியில் நிற்பதில்லை. புதுப் பஞ்சாங்கம் வந்ததும் அந்த வருஷத் தேதிகளை உட்கார்ந்து எழுத வேண்டியதுதான். கணினியில் தேதி அமைப்பையும் ஒருமுறை சரிபாருங்கள். அமெரிக்க முறையில் இருந்தால், நீங்கள் நவம்பர் 5 என்று நினைத்து 5/11 போட்டது மே 11 ஆகிவிடும்.

பெயர்களைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தைரியம் சொல்ல வேண்டும். பழைய போனிலிருந்து தொடர்புப் பட்டியலை எடுத்துக் கணினியில் திறந்தால், தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சமக்குறியும் எழுத்தும் எண்ணுமாக நீளமாகக் கிடக்கலாம். கெட்டுப்போய்விட்டது என்று அழித்துவிடாதீர்கள். ‘செல்வி’ என்ற பெயர் கணினிக்கு ஆறு குறிகள், 18 பைட். பழைய போனின் முறையில் அதை எழுதினால் 54 எழுத்து நீளம் வரும். அந்தக் கோப்பை அப்படியே புதுப் போனிலோ கணக்கிலோ ஏற்றுங்கள். பெரும்பாலும் செல்வி செல்வியாகவே வந்துவிடுவார். பட்டியலை எக்செல்லில் திறக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. இரட்டைக் கிளிக் செய்து திறந்து சேமித்தால், 0413-இன் சைபர் போய்விடும், பிளஸ் குறியும் போய்விடும். நம்பர் இருக்கும் பத்தியை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று அறிவித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

கடைசியாக, முக்கியமான ஒன்று. இரண்டு இடத்திலும் ஒன்றாக இருப்பதால் தகவல் பத்திரமாக இருக்கிறது என்று எண்ணாதீர்கள். இங்கே ஒரு பெயரை அழித்தால் அங்கேயும் அழியும். ஒத்திசைவின் வேலையே அதுதான். பேரனின் விரல் பட்டுப் பட்டியல் பாதி போனாலும், அந்தப் பாதியை அது விசுவாசமாக எல்லா இடத்திலும் போக்கிவிடும். கூகுள் தொடர்புகளில் கடந்த 30 நாட்களுக்குள் இருந்த நிலைக்குத் திரும்பும் வசதி உண்டு. அதற்குள் நாம் கவனித்திருக்க வேண்டும். தனியாக ஒரு நகல் எடுத்து, எதோடும் இணையாத இடத்தில் வைப்பதுதான் காப்பு.

ஆகவே நேயர்களே, இன்று இரவு சாப்பிட்ட பிறகு ஒரு காரியம் செய்யுங்கள். கணினியில் உங்கள் தொடர்புப் பட்டியலைத் திறந்து, ‘எக்ஸ்போர்ட்’ என்பதை அழுத்தி, வரும் கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு, அதன்மேல் இன்றைய தேதியை எழுதி வையுங்கள். மிக முக்கியமான பத்து நம்பர்களைத் தாளில் எழுதி பீரோக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதையே திரும்பச் செய்யுங்கள். வீட்டில் யாருக்கு இது தெரியவில்லையோ அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள்.