கடற்பயணத்துக்கு ஆயத்தம்

(ராஜபாளையத்தில் ஓய்வுபெற்றோர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



மேற்கே மலையைப் பார்த்து வளர்ந்த ராஜபாளையத்தாருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூராருக்கும் கடல் தூரந்தான். ஆனாலும் இந்நாட்களில் பிள்ளைகள் பெற்றோரை உல்லாசக் கப்பலில் அனுப்பி வைக்கிறார்கள். 2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்தே ‘எம்ப்ரஸ்’ கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. போக வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆயத்தத்தோடு போங்கள் என்கிறேன்.

முதலாவது, காப்பீடு. நாம் எடுத்திருக்கும் மெடிகிளைம் பாலிசிகள் பெரும்பாலும் இந்தியாவுக்குள் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே. கப்பலில் இருப்பது சிறிய மருத்துவ நிலையம். அங்கே டாக்டரைப் பார்த்தால் கட்டணம் நம் கணக்கில் ஏறும். மாரடைப்பு வந்தால் அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்கள். சில வேளை ஹெலிகாப்டரே வர வேண்டியிருக்கும். அந்தச் செலவில் ஆயுட்காலச் சேமிப்பே கரைந்துபோகலாம். ஆகையால் கப்பல் பயணமும் அவசர மருத்துவ இடமாற்றமும் அடங்கிய பயணக் காப்பீடு எடுங்கள்.

விண்ணப்பத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதய சிகிச்சை எதையும் மறைக்காதீர்கள். பிரீமியம் கூடுமே என்று மறைத்தால், பணம் தேவைப்படும் நாளில் அது மறுக்கப்படலாம். மறைத்தவர் படுக்கையில் இருப்பார். கடனுக்கு அலைவது பிள்ளைகள். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பாலிசி பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, உடல்நலம். மருந்துகளைச் சில நாட்களுக்கு அதிகமாகவே, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பால்கோவாக் கடையைக் கண்டும் காணாமல் கடக்கப் பழகிய நம் சர்க்கரை நோயாளிகளுக்குக் கப்பல் விருந்து பெரிய சோதனை! சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பலில் பரவும் நோரோ வைரஸ் வாந்தி பேதிக்குக் கிருமிநாசினித் திரவம் மட்டும் போதாது. நெருங்கி வாழும் இடத்தில் நோய் எப்படிப் பரவும் என்பதை 2020-இல் ஜப்பானில் நின்ற ‘டைமண்ட் பிரின்சஸ்’ காட்டிற்று: 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது.

மூன்றாவது, பாதுகாப்பு. 2012 ஜனவரியில் இத்தாலியருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் மாண்டார்கள். அன்று புதிதாக ஏறிய நூற்றுக்கணக்கானோருக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடந்திருக்கவில்லை. கப்பல் புறப்படுமுன்னோ புறப்பட்டவுடனோ பயிற்சி நடக்க வேண்டுமென்று அதன்பின் விதி திருத்தப்பட்டது. அந்த அரைமணி நேரம் அறையில் படுத்துறங்காதீர்கள்.

பாலிசி எண்ணையும் அவசரத் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி, ஒன்றை வீட்டில் வைத்து, ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள். சமாதானத்தோடே போய், சுகத்தோடே திரும்பி வாருங்கள்.