ரூம் லைட்டும் ஒரு துணி சுற்றிய ஸ்குரூ டிரைவரும்

(‘வீட்டின் சின்ன ரிப்பேர்களை ஆளை அழைத்துச் செய்வதே நிறைவு! நாமே செய்வதே நிறைவு!’ என்ற பட்டிமன்றத்தில், ‘நாமே செய்வதே’ அணியில் பேசியது)

இதுவரை ஒரு பல்பைக்கூடக் கழற்றாத கைகளைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய அம்மையார், “அவனவன் வேலையை அவனவன் பார்க்கணும். தமிழ்ப் பேராசிரியருக்கு எதுக்கு கார் வேலை?” என்று கேட்டார். சொல்றேன், கேளுங்க.

ஒரு ராத்திரிப் பயணம். பின் சீட்டில் என் தாயார். ஒன்பது மணி மாத்திரை நேரம். காரின் ரூம் லைட்டைப் போட்டால் அது ஏதோ விரதம் இருக்கிற மாதிரி எரியுது! (சிரிப்பு) என் மனைவி இரண்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, “ஏங்க, இதுல எது சுகர் மாத்திரை, எது பிரஷர் மாத்திரை?”ன்னாங்க. செல்போன் வெளிச்சம் இல்லையான்னு நடுவர் கேட்கிறார். இருந்தது ஐயா, செல்போன் இருந்தது, சார்ஜ்தான் இல்லை. கடைசியில் ஒரு டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி, டியூப் லைட்டில் படித்துத்தான் மாத்திரை கொடுத்தோம். மாத்திக் கொடுத்திருந்தா? யோசிச்சுப் பாருங்க!

அந்தப் பழைய பல்பு 10 வாட். வாங்குகிற மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகக் கக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் வெளிச்சமாகக் கொடுக்கும். அந்தச் சூட்டில் மூடியும் மஞ்சளாகிப் போச்சு. அதே வெளிச்சத்தை எல்.இ.டி. சுமார் ஒரு வாட்டில் தந்துவிடும்.

பிளஸ் டூ படிக்கிற என் மகள், “அப்பா, நாமளே மாத்தலாம்”ன்னா. லைட்டை அணைச்சு, சாவியை எடுத்து, பல்பு ஆறுகிறவரைக்கும் காத்திருந்தோம். ஸ்குரூ டிரைவர் நுனியில் துணியைச் சுற்றி, மூடியின் ஓரத்தில் லேசா நெம்பினா, ‘டக்’னு வந்துடுச்சு. உள்ளே இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி போட்ட பல்பு. இது 31, 36, 41 மில்லிமீட்டர்னு பல நீளத்தில் வரும். அளந்து வாங்கணும், கண்ணால் மதிப்பிடுவது பொண்ணு பார்க்கிறப்ப போதும்! (சிரிப்பு) வெறும் இரும்பு நுனி இரண்டு பக்கத்தையும் ஒண்ணா தொட்டா பியூஸ் போயிடும்; துணி அதுக்கும் சேர்த்துத்தான்.

புது எல்.இ.டி.யைப் பொருத்தினோம். எரியலை! “போச்சா காசு?”ன்னு என் மனைவி. மகள் பதறலை. கழற்றி, முனையை மாத்தித் திருப்பிப் போட்டா. பளிச்சுன்னு எரிந்தது! (கைதட்டல்) பழைய பல்பில் இருப்பது வெறும் இழை. மின்சாரம் எந்தப் பக்கம் வந்தாலும் எரியும். எல்.இ.டி. அப்படியில்லை, ஒருவழிப் பாதை. பாடப் புத்தகத்தில் படித்ததை அவள் அன்றைக்குத்தான் கையால் தொட்டுப் பார்த்தாள். ஆளை அழைத்திருந்தால் எனக்கு வெளிச்சம் கிடைத்திருக்கும். அவளுக்கு இது கிடைத்திருக்குமா?

இந்த வெள்ளை வெளிச்சமும் சும்மா வந்துவிடவில்லை. சிவப்பு எல்.இ.டி. 1962இலேயே வந்தது. வெள்ளைக்கு நல்ல நீலம் வேண்டும். பளிச்சென்ற நீலம் கடைச்சரக்காக வர 1993 ஆனது. அதற்கு உழைத்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு! அதை நாம சட்டைப் பையில் வாங்கிட்டு வர்றோம்.

இன்னொரு கணக்கு. கதவு சரியாகச் சாத்தாமல் ராத்திரி 10 மணி நேரம் லைட் எரிந்தால், 10 வாட் பல்பு பேட்டரியிலிருந்து எட்டு ஆம்பியர்-மணிக்கு மேல் குடித்துவிடும். சின்னக் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறக்குறைய கால் பங்கு! எல்.இ.டி. அதில் பத்தில் ஒரு பங்குதான். காலையில் தெருவே கூடி வண்டியைத் தள்ள வேண்டாம். (சிரிப்பு)

உடனே எல்லாத்திலும் கை வைக்கச் சொல்லலை. ஒயரை வெட்டாதீங்க. கூரைத் துணியைப் பிரிக்காதீங்க. சில வண்டிகளில் ஓரத்தில் ஏர்பேக் இருக்கும். ஹெட்லைட்டில் கண்ட எல்.இ.டி.யைப் போட்டு எதிரே வருகிறவர் கண்ணைப் பறிக்காதீங்க. நீலம் பாய்ந்த வெள்ளையும் வேண்டாம். காருக்குள்ளே ஆபரேஷன் தியேட்டர் எதுக்கு?

“மெக்கானிக் வயித்தில் அடிக்கிறீங்களே”ன்னு எதிரணி உருகியது. பிரேக்கும் கிளட்சும் அவர் கைக்குத்தான் போகும். வெந்நீர் வைக்கவா டாக்டரைக் கூப்பிடுவோம்? துணி சுற்றுகிற யோசனையைச் சொன்னதே எங்கள் மெக்கானிக் தம்பிதான்!

நடுவர் மணியைத் தொடுகிறார். டிக்கி லைட் இன்னும் பாக்கி இருக்கு ஐயா. அதை நான் தொடக் கூடாதாம். என் மனைவி மாத்தப் போறாங்களாம். ஸ்குரூ டிரைவரை இப்பவே எடுத்து ஒளிச்சு வச்சுட்டாங்க. (கைதட்டல்)