பொம்மைப் படமும் பீஸ் ரேட் கூலியும்

ஜப்பான் நாட்டுப் பொம்மைப் படங்களை இன்று உலகமே பார்க்கிறது. நம் குழந்தைகளும் தமிழ் பேசும் டோரேமானைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்! ஆனால் அந்தப் படங்களை வரையும் கைகளுக்கு என்ன கூலி கிடைக்கிறது? அதை நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

சினிமா ஓட வினாடிக்கு 24 சட்டங்கள் வேண்டும். தலைமை ஓவியர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். ஓடுகிறவன் கால் தூக்குவதும் ஊன்றுவதும் அவர் வேலை. இடையிலே வரும் அசைவுகளை ஒவ்வொரு தாளாக வரைந்து நிரப்புகிறவர்கள் இளம் தொழிலாளர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. தாளுக்கு இவ்வளவு என்று கூலி. ஒற்றை முகமானாலும், பெருங்கூட்டமானாலும் பெரும்பாலும் ஒரே ரேட்டுதான்! பீஸ் ரேட்டின் கொடுமையை மில் தோழர்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

இந்த நிலை எப்படி வந்தது? 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசுகாவின் 'அஸ்ட்ரோ பாய்' தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரம் ஒரு படம். செலவைக் குறைக்க, ஒரே ஓவியத்தை மூன்று சட்டங்களுக்குப் பயன்படுத்தினார்கள். அப்படியும் நிலையம் கொடுத்த விலை தயாரிப்புச் செலவுக்குக் கட்டவில்லை. மிட்டாயிலும் பொம்மையிலும் வரும் உரிமைப் பணத்தால் ஈடுகட்டினார்கள். அந்தக் குறைந்த விலையே தொழிலுக்கு அளவுகோலாகி விட்டது என்று பின்னாளில் ஓவியர்களே குறை கூறினார்கள். தெசுகாவின் அந்தக் கம்பெனியும் 1973-இல் திவாலாயிற்று.

ஓவியர்கள் கைகட்டி நின்றார்களா? இல்லை! தோயெய் படக் கம்பெனியில் 1961-இல் சங்கம் அமைத்தார்கள். 1963-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஹயாவோ மியாசாகி, மறு ஆண்டே சங்கச் செயலாளரானார். இன்று உலகப் புகழ் பெற்ற அதே மியாசாகிதான்! 1972-இல் நிர்வாகம் ஆட்குறைப்பும் கதவடைப்பும் செய்தது. வேலை மேன்மேலும் வெளியாட்களுக்குப் போயிற்று.

அதன் விளைவைப் பாருங்கள். இடைப்படம் வரைகிறவரின் சராசரி ஆண்டு வருமானம் 2013-இல் சுமார் 11 லட்சம் யென் என்று அத்தொழிலாரின் கணக்கெடுப்பே கூறியது. மாதத்துக்கு ஒரு லட்சம் கூட இல்லை! டோக்கியோவில் வாடகை கொடுத்து இதில் வாழ முடியுமா? இந்தத் தொழிலின் மொத்தச் சந்தையோ 2023-இல் 3 லட்சம் கோடி யென்னைத் தாண்டியது. முதல் போட்ட தொலைக்காட்சி நிலையமும் பதிப்பகமும் பொம்மைக் கம்பெனியும் லாபத்தைப் பங்கு போடுகின்றன. பங்கு போடாத பட்டறைக்கு ஒப்பந்தத் தொகை மட்டுமே.

2024 நவம்பர் 1 முதல் தனியாள் ஒப்பந்தக்காரர்களுக்கு ஒரு சட்டம் வந்துள்ளது. வேலையையும் கூலியையும் எழுதித் தரவேண்டும். 60 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும். நல்லதுதான். ஆனால் ஒரு தாளுக்கு என்ன கூலி என்பதை அந்தச் சட்டம் நிர்ணயிக்கவில்லை.

தோழர்களே! நூலானாலும் நெல்லானாலும் ஓவியமானாலும், தனித்தனியே நின்று பேரம் பேசுகிறவனுக்கு ரேட்டு ஏறாது. கூடி நின்றால்தான் ஏறும்!