மின்சாரமும் பருவநிலையும் பற்றிய சட்டக் கல்வி

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



நம் இளைஞர்கள் சட்டம் பயில வேண்டும் என்று இம்மேடையில் பலரும் கூறி வந்துள்ளனர். எந்தச் சட்டத்தைப் பயில்வது என்பதில் நமக்கு ஒரு கருத்து உண்டு. குற்றவியல் சட்டமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நமக்கு இன்றியமையாதன, அதில் ஐயமில்லை. ஆயினும் மின்சாரம், நிலக்கரி, காற்று, வெப்பம் ஆகியவற்றைப் பற்றிய சட்டங்கள் என்றால், அவை பொறியாளர்க்கும் பெருமுதலாளிகட்கும் உரியன என்று ஒதுங்கிவிடுகிறோம். அண்ணல் அம்பேத்கர் அவ்வாறு ஒதுங்கினாரில்லை.

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, பாசனமும் மின்சக்தியும் அவர் பொறுப்பிலேயே இருந்தன. நம்மவருள் பலர் இதனை அறியார். அரசியலமைப்பின் சிற்பி என்ற பெரும்புகழ் ஏனைய பணிகளை மறைத்துவிட்டது போலும். 1943இல் மின்சாரக் கொள்கைக் குழுவுக்குத் தலைமையேற்றபோது, மின்சாரம் தனியார் கையில் இருப்பதா, அரசின் கையில் இருப்பதா என்ற வினாவை அவர் எழுப்பினார். எவர் கையில் இருப்பினும் மிகக் குறைந்த விலையில், போதிய அளவில் கிடைக்க வேண்டும் என்பதே அவர் வைத்த அளவுகோல். மாநில மின்வாரியங்களுக்கு வழிவகுத்த சட்டம் 1948இல் வந்தது.

அதன் இடத்தில் இன்று நிற்பது 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம். அதன் 43ஆம் பிரிவை நம் பிள்ளைகள் ஒருமுறையேனும் ஊன்றிப் படித்தல் வேண்டும். மின் இணைப்புக் கேட்கும் உரிமை ஓர் இடத்தின் உரிமையாளருக்கு மட்டுமன்று, அங்குக் குடியிருப்பவருக்கும் உண்டு என்கிறது அப்பிரிவு. குடியிருப்பதற்குச் சான்று வேண்டும், உண்மை. பட்டா ஒன்றே சான்று என்று அங்கே எழுதப்படவில்லை. “பட்டா கொண்டுவா” என்ற ஒரு சொல்லைக் கேட்டுத் திரும்பி வந்து, விளக்கில்லாத குடிசையில் பிள்ளைகளை அமர்த்திய பெற்றோர் எத்தனை பேர்! புதிய கம்பி இழுக்க வேண்டாத இடங்களில் ஒரு மாதத்திற்குள் இணைப்புத் தர வேண்டும் என்று அப்பிரிவு காலவரையறை செய்தது; பின்னர் வந்த மத்திய விதிகள் அதனையும் குறைத்துள்ளன. தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வரை தண்டம் உண்டு. கட்டணம் செலுத்தத் தவறியவரின் இணைப்பைத் துண்டிப்பதற்கும் முழுமையாகப் 15 நாள் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது 56ஆம் பிரிவு. குறைதீர் மன்றமும் அதற்கு மேல் குறைதீர்ப்பாளரும் உள்ளனர். இவற்றுக்கு வழக்கறிஞர் கூடத் தேவையில்லை. பிழையின்றி ஒரு மனு எழுதத் தெரிந்தால் போதும்.

இனி, அம்மின்சாரம் எவர் வாசலில் உற்பத்தியாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரிய அனல் மின்நிலையம் அமைப்பதென்றால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். திட்டத்தின் சுருக்கம் வட்டார மொழியில் இருக்க வேண்டும். அனுமதி வழங்கிய ஆணை தவறென்று கருதினால் 30 நாட்களுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும். அதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே உள்ளது.

சூரிய ஒளி மின்திட்டங்களின் நிலை வேறு. அவற்றுக்கு அந்த அறிவிக்கையின் கீழ் முன்அனுமதி தேவையில்லை. ஆகவே கருத்துக் கேட்புக் கூட்டமும் இல்லை. புகையில்லாத மின்சாரம் வரட்டும். அதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் அதற்குப் பரந்த நிலம் வேண்டும். கேட்கப்படும் நிலம், 1892ஆம் ஆண்டு ஆணையின் வழியே நம் முன்னோர்க்கு அளிக்கப்பட்ட பஞ்சமி நிலமா என்று அ-பதிவேட்டைப் பார்த்துச் சொல்வதற்கு ஊருக்கு ஒருவராவது வேண்டாமா? அந்நிலம் பிற வகுப்பாருக்குக் கைமாறுதல் செல்லாது என்பது ஒப்படை நிபந்தனை.

பருவநிலை மாற்றத்திற்கென்று நம் நாட்டில் தனியொரு சட்டம் இல்லை. எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டுக் கரிம வணிகத்திற்கு வழி திறந்தது. 2024இல் உச்ச நீதிமன்றம், கானமயில் என்னும் அருகிவரும் பறவையையும் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் மின்கம்பிகளையும் பற்றிய வழக்கில், பருவநிலை மாற்றத்தின் தீமைகளினின்று காக்கப்படும் உரிமை அரசியலமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கும் என்று கூறியது. பறவைக்காகத் தொடங்கிய வழக்கு, செங்கற்சூளையிலும் வயல்வெளியிலும் வெயிலில் நிற்கும் மனிதனுக்கும் ஓர் உரிமையைத் தந்திருக்கிறது. அவ்வுரிமையைக் கொண்டு நிழலும் குடிநீரும் ஓய்வுநேரமும் கேட்கும் வழக்குகளை எழுதுவோர் இனிமேல்தான் வர வேண்டும். இத்துறை புதியது, தலைமுறை தலைமுறையாக இதனைக் கைக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இல்லை. நம் பிள்ளைகள் முன்வரிசையில் அமர இடமிருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் 5 ஆண்டு, பட்டத்திற்குப் பின் 3 ஆண்டு என்று சட்டப்படிப்பிற்கு இரு வழிகள் உள்ளன. பொறியியலோ அறிவியலோ முடித்து வேலைக்குக் காத்திருக்கும் நம் பட்டதாரிகள் இரண்டாம் வழியை எண்ணிப் பார்க்கலாம். மின்அளவியின் கணக்கையும் காற்றுமாசின் அளவையும் படித்தறியும் வழக்கறிஞர்கள் குறைவு.

செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். மேற்சொன்ன சட்டங்களின் படிகளைச் சங்க நூலகத்திற்கு வாங்கித் தர வேண்டும். ஞாயிறு மாலைதோறும் ஒரு பிரிவாக மாணவர்கட்குத் தமிழில் படித்து விளக்க நாம் ஆயத்தமாக இருக்கிறோம். 43ஆம் பிரிவிலிருந்தே தொடங்கலாம்.