வாழ்த்து அட்டையும் சுட்ட மண் அச்சும்

(ஆதரவாளர் கூட்டத்தில் நமது ஆஸ்பத்திரி சாப்ளின் ஐயா பேசியது)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் என்னைக் கணக்கு வாசிக்கச் சொல்லுவார்கள். இந்த வருஷம் அதைப் பொருளாளர் முடித்துவிட்டபடியால், வாசலண்டை மேசையில் நீங்கள் பார்த்த வாழ்த்து அட்டைகளைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் செமினரியில் கிரேக்கமும் எபிரெயமும் படித்தவன். காகிதம் வெட்டப் படித்தவன் அல்ல. குறைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மார்கழி பிறந்துவிட்டால் விருத்தாசலம் கடைத்தெருவில் பொங்கல் வாழ்த்துகளைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த காலம் உங்களில் நரைத்த தலைகளுக்கு நினைவிருக்கும். இப்போது வாழ்த்தெல்லாம் கைப்பேசியில் வந்து கைப்பேசியிலேயே அழிந்துபோகிறது. ஆகையால் அட்டை செய்யலாம் என்று நம் வார்டு சிஸ்டர் ஒருவர் சொன்னபோது, இதை யார் வாங்குவார்கள் என்றுதான் நான் கேட்டேன். அவர் சொன்ன பதில்: "விக்கிறதுக்கு இல்லீங்க ஐயா. பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்காங்களே, அவங்க கைக்கு ஒரு வேலை."

முதலில் குழந்தைகளோடு ஆரம்பித்தோம். வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தைக் குறுக்கே நறுக்கி, மை தோய்த்து அழுத்தினால் ஐந்து மூலைப் பூ ஒன்று விழும். கொஞ்சம் தள்ளி அழுத்தினால் நட்சத்திரம் என்று சொல்லிக்கொள்ளலாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை நீங்கள் மூட்டை கட்டி அனுப்பினீர்களே, அவற்றிலிருந்த தங்க நிறத் தாளெல்லாம் மணியும் இலையும் விளக்குமாக வெட்டப்பட்டது. மைதாப் பசையில் துளி மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது. அதைக் குழந்தைகள் கையில் கொடுக்காமல் சிஸ்டரே காய்ச்சினார். அட்டையை மடிக்கும் முன், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அளவுகோலை ஒட்டி ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட வேண்டும். இழுக்காமல் மடித்தால் மடிப்பில் நார் பிய்ந்து நிற்கும். ஜிகினாத் தூளை மாத்திரம் நான் அனுமதிக்கவில்லை. மூச்சுக்குத் தவிக்கிறவர்கள் இருக்கிற வார்டில் தூள் எதற்கு?

எழுத்துக்கு என்ன செய்வது என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பெரிய அழிரப்பர் ஒன்றில் 'வாழ்த்துகள்' என்று இரண்டு நாள் குனிந்து செதுக்கினேன். அச்சுப் போட்டுப் பார்த்தால் எல்லா எழுத்தும் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நிற்கிறது! கால் இடம் மாறி, எந்த மொழி என்றே தெரியவில்லை. குழந்தைகள் சிரித்த சிரிப்பில் ஓரத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒருவரும் சிரித்து, உடனே இருமினார்.

அவர் பீங்கான் பட்டறையில் அச்சு செய்தவர். ஐம்பது வயதுக்குள்தான். நெய்வேலி நிலக்கரிக்கு மேலே கிடக்கிற களிமண் பக்கத்திலேயே கிடைப்பதும் இந்த ஊர் பீங்கானுக்குப் பேர்பெற ஒரு காரணம். அகல்விளக்கு, கொலு பொம்மை, மின்சார ஃபியூஸ் கட்டை எல்லாம் இங்கே செய்கிறார்கள். பொம்மைக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிக்குழம்பை ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரைக் குடித்துவிடும். சுவரில் தோல்போல் மண் படிந்ததும் மீதிக் குழம்பைக் கவிழ்த்துவிடுவார்கள். அழகான வேலைதான். ஆனால் பீங்கான் கலவையில் சேரும் வெள்ளைக்கல் பொடியின் நுண்ணிய தூசி நெஞ்சில் இறங்கினால் அது திரும்பி வராது. நுரையீரல் தழும்பேறி இறுகும். சிலிக்கோசிஸ் என்று டாக்டர்கள் சொல்லுவார்கள். இதற்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. இந்தத் தூசி பட்ட நுரையீரலில் காசநோய் பற்றுவதும் பல மடங்கு அதிகம். அவருக்கு இரண்டும் இருந்தது. காசநோய்க்கு மருந்து வேலை செய்தது. மற்றதற்கு ஆக்சிஜன்தான்.

என் ரப்பரை வாங்கி ஒரு நிமிஷம் புரட்டிப் பார்த்தார். "ஐயா, நீங்க நேரா வெட்டிட்டீங்க. பள்ளமா வெட்டினது மேடாகும், இடது வலதாகும். எங்க பொழப்பே அதுதானே" என்றார். மறுவாரம் அவர் மனைவி பட்டறையிலிருந்து ஒரு பிளாஸ்டர் பலகை கொண்டுவந்தார். தூசி பறக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், பலகையை நன்றாக நனைத்து, ஈரத்துணி மேல் வைத்துத்தான் செதுக்கினார். எழுத்தை நேராகவே பள்ளமாகத் தோண்டினார். அதில் களிமண்ணை அழுத்தி எடுத்தபோது எழுத்து மேடாகித் திரும்பிக்கொண்டது. அதை மை தொட்டுக் காகிதத்தில் வைத்தபோது மறுபடியும் நேரானது. காய்ந்து சுட்டால் மண் சுருங்கும் என்பதால் எழுத்தைச் சற்றுப் பெரிதாகவே தோண்டியிருந்தார். மெருகு பூசாமல் ஒரு சூடு மட்டும் கொடுத்து எடுத்ததால் அச்சு மையைக் குடித்து வைத்துக்கொள்கிறது. மண் வளையாதாகையால் அட்டைக்கு அடியில் மடித்த செய்தித்தாள் வைக்க வேண்டும். அதுவும் அவர் சொன்னதுதான்.

நோயாளிகளுக்காக அஞ்சல் உறையில் ஒட்டுகிற வழக்கமொன்று உண்டு, பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். டென்மார்க்கில் ஐனார் ஹோல்பெல் என்ற தபால் குமாஸ்தா, 1903-ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் சமயத்தில் மலைபோல் வந்த வாழ்த்துகளைப் பிரித்துப் போடும்போது, ஒவ்வொன்றிலும் ஒரு காசு முத்திரை கூடுதலாக ஒட்டினால் காசநோய்க் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரி கட்டலாமே என்று யோசித்தார். 1904-இல் லூயிசா ராணியின் படம் போட்ட முதல் முத்திரை வந்தது. அந்த ஒரே பருவத்தில் நாற்பது லட்சத்துக்கு மேல் விற்றது. அந்தப் பணத்தில் கோல்டிங் என்ற ஊரில் சானடோரியம் எழும்பி 1911-இல் திறக்கப்பட்டது. நம் தென்னாற்காட்டுச் சீமையில் 1860-களிலேயே ஊழியம் தொடங்கிய டேனிஷ் மிஷனின் தேசம்தான் அது. இந்தியக் காசநோய்ச் சங்கமும் பிற்பாடு இதே வழியில் முத்திரை விற்றது.

இன்னொருவர் பிரான்சு தேசத்து ஓவியர் மத்தீஸ். 1941-இல் வயிற்றில் புற்றுநோய்க்கு அறுவை செய்த பிறகு, நின்று வரைய அவருக்கு முடியாமற்போயிற்று. உதவியாளர்கள் காகிதத்தில் வர்ணம் பூசிக் கொடுக்க, நாற்காலியிலும் படுக்கையிலும் இருந்தபடி கத்தரிக்கோலால் இலையும் பறவையும் வெட்டினார். அவரைக் கவனித்துக்கொண்ட இளம் நர்ஸ் பின்னால் கன்னிகாஸ்திரீ ஆனார். அவர் நிமித்தமாக வான்ஸ் என்ற ஊரில் ஒரு சிற்றாலயத்தை வடிவமைத்தார் மத்தீஸ். 1951-இல் பிரதிஷ்டையான அதன் வர்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்கு மாதிரி, வெட்டிய காகிதமே. இதை நான் வார்டில் சொன்னபோது நம் அச்சுக்காரர், "அந்தப் பெரியவருக்கு ஆக்சிஜன் வச்சாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது என் தப்பிதத்தைச் சொல்ல வேண்டும். முதல் முந்நூறு அட்டைகளின் பின்பக்கத்தில், 'காசநோயால் வாடும் நோயாளியின் கையால் செய்தது' என்று அச்சடிக்க நான்தான் ஏற்பாடு செய்தேன். இரக்கம் பிறந்தால் நாலு ரூபாய் கூடுதலாக வருமே என்ற எண்ணம். அனுப்பிய இடங்களில் ஒன்றிலிருந்து கட்டு பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. குழந்தைகள் தொடுவார்களே, தொற்றிக்கொண்டால் என்ன செய்வது என்று கூட ஒரு கடிதம். காசநோய் காற்றில் பரவுமே தவிரக் காகிதத்தில் பரவாது, அதிலும் அவர் மாதக்கணக்காக மருந்து சாப்பிட்டவர் என்று நம் டாக்டர் பதில் எழுதினார். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. பயத்தை அச்சடித்து அனுப்பியவன் நான்.

கட்டை மறைக்கத்தான் பார்த்தேன். அவர் பார்த்துவிட்டார். ஒரு அட்டையை எடுத்து, முன்பக்கம் தடவி, திருப்பி, நான் போட்டதை எழுத்துக்கூட்டி வாசித்தார். "ஐயா, பட்டறையில நான் செஞ்ச பொம்மை எத்தனையோ வீட்டுக் கொலுவுல நிக்குது. ஒண்ணுலயும் என் நெஞ்சுல தூசி இருக்குன்னு எழுதி இல்ல. அட்டை நல்லா இருந்தா வாங்கட்டும். இல்லாட்டி வேணாம்." எனக்குப் பதில் வரவில்லை. நாற்பது வருஷம் பிரசங்கம் பண்ணினவன்!

போன ஐப்பசியில் அவர் கண்ணை மூடினார். அச்சு நம்மிடம் இருக்கிறது. 'ழ்'-இன் புள்ளி ஓரம் சற்று உடைந்திருக்கும். மற்றபடி நன்றாக விழுகிறது. அவர் மனைவியே இப்போது வாரம் இரண்டு நாள் வந்து பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். அட்டைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கூலி கொடுக்கிறோம்.

மேசையில் இருப்பவற்றைக் கூட்டம் முடிந்து பார்த்து, பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிற காணிக்கை வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே உறையில் போட்டுவிட வேண்டாம், பொருளாளர் குழம்பிப்போகிறார். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்காது.